பாட்டில் பொய் சொல்லாது

நாளை நீதிமன்றத்தில் விசாரணை. ஏரிக்குள் கழிவுநீர் விடுவதை நிறுத்த ஜெனி நம்பியிருந்தது, தான் கணினியில் உருவாக்கிய மாடலை மட்டும்தான். கழிவில் வரும் பாஸ்பேட்டால் பாசி பெருகும், வரும் கோடையில் ஏரி செத்துவிடும் என்றது அது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே பதில்.

சோதனைக்கூடம் வேறு சொன்னது. ஒரு வருடமாக மீனவர் நீலமேகம் படகில் போய் நடு ஏரியில் தண்ணீர் எடுத்துத் தந்த பாட்டில்களில் ஒன்றில்கூட பாஸ்பேட் தேறவில்லை.

"பாட்டில் பொய் சொல்லாது. உன் மாடலைத் தூக்கிப் போடு," என்று அவளுடைய பேராசிரியர் போனை வைத்துவிட்டார்.

ஜெனி ஏரிக்கரையில் இருந்த சடையங்குப்பத்துக்கு ஓடினாள். நீலமேகம் காலி வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நடு ஏரியிலதானே எடுத்தீங்க?"

"அங்கதாம்மா. வலை மேல சத்தியம். இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி கீது?"

"கேஸ் போச்சுண்ணே. தண்ணி சுத்தமா இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு."

"மீனு செத்து மெதந்துகினு கீது, சுத்தமாமா? எந்தக் கண்ணு தெரியாதவன் சொன்னான்?"

"நீங்க குடுத்த பாட்டில்தான் சொல்லுது."

நீலமேகத்தின் கோபம் சட்டென்று தணிந்தது.

"அந்தத் தண்ணியா? அது சுத்தமாத்தாம்மா இருக்கும். படிச்ச பொண்ணு கையில கலீஜ் தண்ணியவா குடுப்பேன்? ஒவ்வொரு வாட்டியும் வூட்ல வெச்சு, படிகாரத்த நாலு சுத்து சுத்தி, கலீஜெல்லாம் அடியில எறங்கினப்புறம் மேல தெளிஞ்சத மட்டும்தான் பாட்டில்ல ஊத்துவேன்."