நேர்ந்துவிட்ட சேவல்

மலையம்மாள் சேவல் குஞ்சை மடியில் வைத்து, கம்பு மாவை உருட்டி உருட்டி அதன் அலகில் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பெத்த பிள்ளைக்குக்கூட இப்படி ஊட்ட மாட்டாக," என்றாள் அடுத்த வீட்டுச் சங்கிலியம்மாள். "கல்யாண ஆசை எப்படி இருக்கு பாரு!"

அம்மா கருத்தம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் மக வாயைத் தொறந்து சொல்ல மாட்டா. எல்லாம் மனசுக்குள்ளதான்."

இருவரும் அந்தப் பக்கம் போனதும் மலையம்மாள் குஞ்சின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "இன்னைக்காவது செத்துத் தொலையேன்," என்று கெஞ்சினாள்.

அந்த மாவில், அவளுடைய கால் புண்ணுக்குக் கொடுத்த வெள்ளை மாத்திரை இரண்டு பொடியாகக் கலந்திருந்தது.

பன்னிரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த அவள் அய்யா ஒச்சாண்டியும் லோயர் கேம்பில் வாழ்க்கைப்பட்ட அத்தையும் ஆடி மாதம் சமாதானமாகி, அனுமந்தன்பட்டிக் காளியம்மன் முன்னால் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். ஒரே அடையில் பொரித்த இரண்டு சேவல் குஞ்சுகளை அம்மனுக்கு நேர்ந்து, வீட்டுக்கு ஒன்றாக வளர்க்க எடுத்துப் போனார்கள். இரண்டும் கூவிய பிறகு கோயிலில் அறுத்துக் கல்யாண நாள் குறிப்பது. நடுவில் ஒன்று செத்தாலும் அம்மனுக்குச் சம்மதமில்லை, பேச்சு முறிந்துபோகும்.

மலையம்மாளை யாரும் எதுவும் கேட்கவில்லை. தை மாதம் ஆசிரியைப் பயிற்சிக்கு மதுரைக்கு வரச் சொன்ன கடிதம், டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் கிடந்தது. மாப்பிள்ளையாகப் பேசிய அத்தை மகன் முத்துவீரனை ஆறு வயதில் பார்த்ததோடு சரி. பேச்சு முடிந்த நாளிலிருந்து அவளை வாசல்படி தாண்ட விடவில்லை. கிணற்றடிக்குப் போனாலும் கூடவே ஒரு ஆள் வந்தது.

குஞ்சின் கழுத்தைத் திருகினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு மனமும் வரவில்லை. ஊரில் எல்லார் வீட்டுக் குஞ்சுகளும் கழிச்சல் கண்டு செத்துக்கொண்டிருந்தன. இதுவும் அப்படிப் போய்விடாதா என்று காத்திருந்தாள். போகவில்லை.

அப்போதுதான் அவள் குதிகாலில் முள் தைத்துச் சீழ் பிடித்தது. சைக்கிளில் வந்த கம்பவுண்டர் குருசாமி ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"யுத்தத்துக்கு அப்புறம் வந்த புது மாத்திரை தாயி. எந்த நோய்க் கிருமியையும் கொன்னுரும். கணக்குப் பிசகாமப் போடணும். கூடப் போட்டா ஆளையே தூக்கிரும்."

ஆளைத் தூக்கும் மருந்து ஒரு குஞ்சைத் தூக்காதா? அன்றே ஒன்றைப் பொடித்து மாவில் கலந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்துப் பார்த்த குருசாமி அலுத்துக்கொண்டார். "என்ன தாயி, ஆறவே காணோம்? ஒன் அத்தை மகன் கால்ல கல்லு விழுந்து, அங்கனயும் இதே மாத்திரைதான் குடுத்தேன். அவருக்கும் ஆறலை. மருந்து கெட்டுப்போச்சோ என்னமோ. இந்தா, இன்னொரு பொட்டலம்."

மருந்து வீரியம் கெட்டதாகத்தான் மலையம்மாளும் நினைத்தாள். ஒன்றை இரண்டாக்கினாள்.

குஞ்சு சாகவில்லை. வளர்ந்தது. வாரத்துக்கு வாரம் பெரிய கூடையாக மாற்ற வேண்டியிருந்தது. இறகு மினுமினுத்தது, கொண்டை செக்கச் சிவந்து நிமிர்ந்தது. தெருவில் ஒரு குஞ்சு மிச்சமில்லாத நேரத்தில் இது மட்டும் மார்பை நிமிர்த்தி நடப்பதைப் பார்த்து, வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஆத்தா அவசரப்படுறா," என்றார் ஒச்சாண்டி, கண் கலங்க.

தை கழிந்துதான் கூவும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் விடியலில், அவள் தலைமாட்டிலேயே வந்து நின்று கூவியது.

மலையம்மாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். சும்மா விட்டிருந்தால்கூடத் தை வரைக்கும் கூவாமல் இருந்திருக்கும். இனி இருக்கும் ஒரே நம்பிக்கை லோயர் கேம்ப் சேவல்தான். அது எல்லாச் சேவலையும் போலத்தானே வளர்ந்திருக்கும்?

மதியமே அங்கிருந்து ஆள் வந்துவிட்டது. "அங்கன முந்தாநாளே கூவிருச்சு! ரெண்டு கையால தூக்கணும், அம்புட்டுக் கனம். மாப்ளை தன் கையாலதான் தீனி வச்சாக. வேற யாரையும் கிட்ட விடலை."

அவ்வளவு அவசரமா அந்த மனுஷனுக்கு? முட்டையும் நெய்யுமாக ஊட்டியிருப்பான். முகம்கூட நினைவில்லாதவனை அவள் மனதாரத் திட்டினாள்.

செவ்வாய்க்கிழமை கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. மலையம்மாள் நொண்டிக்கொண்டே படியேறினாள். எதிர்ப்பக்கமிருந்து முத்துவீரனும் நொண்டிக்கொண்டே வந்தான்.

"பொருத்தம்னா இதுல்ல பொருத்தம்!" என்று சங்கிலியம்மாள் குலவையிட, பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆளுக்கொரு சேவலைக் கையில் கொடுத்து இருவரையும் அம்மன் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

பின்னால் அய்யா, முன்னால் பூசாரி, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். நகர இடமில்லை. மலையம்மாள் தலை நிமிரவில்லை. அவன் கையிலிருந்த சேவல் மட்டும் கடைக்கண்ணில் தெரிந்தது. அதே மினுமினுப்பு, அதே சிவந்த கொண்டை.

அவன் அவளுடைய கால் கட்டைப் பார்த்தான். பிறகு அவள் சேவலைப் பார்த்தான். பிறகு தன் சேவலை.

மேளம் உச்சத்துக்குப் போனபோது, உதடு அசையாமல் கேட்டான்.

"ஏ புள்ள, ஒன் சேவலும் சாகலையா?"