அடுத்த கேள்வி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அழாதம்மா. அப்பா கேள்வி கேக்குறேன், நீ உள்ள இருந்தே பதில் சொல்லு" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

உள்ளே என் மகள் சிவநந்தினி. வயதுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றும்வரை என் கண்ணில் படக்கூடாது என்று வீட்டுப் பெண்களின் கட்டளை. திங்கட்கிழமை அவளுக்கு இலக்கியப் பரீட்சை; அந்தப் பயத்தில்தான் அழுகை.

எனக்கோ தமிழ் வாசிக்கத் தெரியாது.

அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சிங்களப் பள்ளிக்கூடம். அப்பா அதிலேயே சேர்த்துவிட்டார். பேச்சென்றால் விடிய விடியப் பேசுவேன், ஓட்டோ ஸ்டாண்டில் கேட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்தைக் கண்டால்தான் முழி பிதுங்கும். இது என் மனைவி நிரோஜாவுக்கு மட்டும் தெரியும். மகளிடம் இத்தனை வருஷமும், "கண்ணாடி வண்டியில கெடக்கு, நீயே வாசிம்மா" என்று சொல்லியே ஓட்டிவிட்டேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அவள்தான் வாசிப்பாள். அப்பாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்புகிற பிள்ளை. அந்த நம்பிக்கை போய்விடக்கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

"கண்ணாடி இருக்காப்பா?" என்றாள் உள்ளிருந்து.

இருக்கிறது என்று ஒரு பொய் சொன்னேன்.

மேசையில் அவள் பாடம் எழுதும் கொப்பிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பிரவுன் உறை. மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தேன்.

நல்லவேளை, பரீட்சைக்கு வரும் கதை எனக்கு மனப்பாடம். அவள் சத்தம் போட்டுப் படித்துப் படித்து என் காதில் ஏறியது. ஒரு தாயும் மகளும் மழையில் ஒரே குடையில் போவார்கள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு கேள்வியை நானே தயாரித்தேன்.

"அந்தப் புள்ள பெரியவளாயிட்டான்னு கதையில எந்த இடத்துல சொல்லியிருக்கு?"

"சொல்லவே இல்லப்பா. முதல்ல அம்மாதான் குடை பிடிப்பாங்க. கடைசியில மகள் பிடிக்கிறா. குடைய அம்மா பக்கம் சாய்ச்சிட்டு அவ நனையிறா. அம்மாவுக்கு அது தெரியாது. அந்தக் குடைதான் குறியீடு."

"நனையிறேன்னு அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

அவள் குரல் கதவுக்குப் பக்கமாக வந்தது.

"சொன்னா அம்மாவுக்கு ஒரு மாதிரியா இருக்கும்லப்பா."

சரியான பதில் என்று கொப்பியைப் பார்த்துத் தலையாட்டினேன். என்னமாய் யோசிக்கிறது இந்தப் பிள்ளை. உள்ளே போய்த் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

அப்போது உளுந்தங்களித் தட்டோடு வந்த நிரோஜா என் கையிலிருந்ததை எட்டிப் பார்த்தாள். பிறகு காதருகே குனிந்து, உள்ளே கேட்காதபடி சொன்னாள்.

"இது சமய பாடக் கொப்பிங்க. இலக்கியக் கொப்பிய காலையிலயே கேட்டு வாங்கிட்டா. மடியிலதான் வச்சிருக்கா."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எனக்கு வாசிக்கத் தெரியாதென்று எத்தனை வருஷமாகத் தெரியுமோ மகளுக்கு.

"பக்கத்தத் திருப்புங்கப்பா" என்றாள் மகள் உள்ளிருந்து. "அடுத்த கேள்வி."

அவளுக்குக் கேட்கும்படியாக ஒரு பக்கத்தைத் திருப்பினேன்.