பூஜ்யத்தில் வைத்த ஸ்டீயரிங்

கடையின் கண்ணைக் கூசும் வெள்ளை வெளிச்சத்தில், இரண்டு ரேஸ் ஸ்டீயரிங்குகள் அடுத்தடுத்த மேசைகளில் இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கின்றன. சின்னதன் முன்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஓட்ட அவள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாவது இது ஒன்றுதான். திரையில் கார் வளைவில் சறுக்குகிறது. கையில் ஒன்றுமே உறைக்கவில்லை. சற்றுமுன் ஓட்டிப் பார்த்த பெரியது கையை உலுக்கியது; இதுவோ சாப்பாட்டுத் தட்டைத் திருப்புவதுபோல் இருக்கிறது. “நான்தான் சொன்னேனே மேடம், இது சும்மா பொம்மை. பெரிசை எடுங்க, தவணையிலகூடத் தர்றோம்” என்கிறான் விற்பனையாளன். பக்கத்தில் நிற்கும் அவள் கணவன் ஆமோதித்துத் தலையாட்டுகிறான். அவள் விளையாட்டின் அமைப்புகளைத் திறக்கிறாள். சாலையின் அதிர்வை ஸ்டீயரிங் வழியாகக் கைக்குக் கொடுக்கும் விசை பூஜ்யத்தில் நிற்கிறது. பாதிக்கு ஏற்றுகிறாள். மோட்டார் உறுமுகிறது, சாலையின் ஒவ்வொரு மேடும் முழங்கை வரை ஏறுகிறது. அவள் முகம் சிவக்கிறது. “யாராச்சும் பசங்க மாத்தியிருப்பாங்க மேடம்.” “பெரிசைத் தொடாம இதை மட்டும் மாத்திட்டுப் போன பசங்களா? ரொம்ப விவரமான பசங்கதான்!” “விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க” என்று கணவன் கிசுகிசுக்கிறான். “பாக்கட்டுமேங்க. பாக்கத்தானே கடையே திறந்து வெச்சிருக்காங்க?” எழுந்து போய்ப் பெரியதன் விசையையும் பூஜ்யத்துக்கு இறக்குகிறாள். விற்பனையாளனுக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். “உக்காருங்க சார். இப்ப இதை ஓட்டிப் பாத்து, எந்த விதத்துல ஒசத்தின்னு சொல்லுங்க.” வேடிக்கை பார்ப்பவர்கள் நெருங்குகிறார்கள். அவன் உட்காருகிறான். ஏசிக் குளிரிலும் பிடரியில் வியர்வை வழிகிறது. முதல் வளைவிலேயே கார் சுவரில் போய் மோதுகிறது. “இன்னொரு சுத்து ஓட்டுங்க” என்கிறாள் அவள், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி.