நடுவில் இருப்பது

கட்டிலில் மூன்று சட்டைகளை வரிசையாக விரித்துப் போட்டுவிட்டு, இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டிருந்தான்.

பத்து மணிக்குக் கல்யாணம். இப்போதே மணி எட்டரை.

மூன்றும் இதற்கென்றே போன வாரம் வாங்கியவை. ஒரே அளவு, ஒரே தையல். ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு, ஒன்று செங்கல் நிறம் என்று கடைக்காரர் சொன்னார். எதை எடுப்பது என்று முடிவு செய்ய முடியாமல் மூன்றையும் கட்டித் தரச் சொல்லிவிட்டான்.

இப்போது அவற்றில் எது எது என்பதே தெரியவில்லை. பிறவியிலிருந்தே அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். எல்லாம் காய்ந்த புல் நிறம்.

பிழைப்புக்கு அது குறுக்கே நிற்கவில்லை. அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற வேலை. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுவான். இந்தக் கல்யாண அழைப்பிதழைக்கூட, கைக்கு வந்த அன்றே மூன்று தடவை பிழை பார்த்தான்.

ஒன்றும் கிடைக்கவில்லை.

சட்டை விஷயத்தில்தான் மானம் போகும். ஒருமுறை பழுப்பு என்று நினைத்துக்கொண்டு, ரத்தச் சிவப்பில் ஒரு சாவு வீட்டுக்குப் போய் நின்றான். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே மனைவி ஊசியும் நூலுமாக உட்கார்ந்தாள். ஒவ்வொரு சட்டையின் காலருக்கு உள்ளேயும் முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சு என்றால் கறுப்பு பேன்ட். இரண்டு என்றால் சாம்பல். மூன்று முடிச்சுச் சட்டையை வாசல் தாண்டிப் போடக்கூடாது.

ஒன்பது வருடம், காலரைத் தடவிப் பார்த்துத்தான் உடுத்தினான்.

நிறத்தை மட்டும் கேட்டிருந்தால் அவள் இருந்திருப்பாள். வீடு மாறலாமா என்று கேட்டாலும், ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாலும் அவன் பதில் ஒன்றுதான். நீயே சொல்லு. கடைசியில் ஒருநாள், நான் போகிறேன் என்று சொன்னாள். அதற்கும், உன் இஷ்டம் என்றான்.

நான்கு வருடம் ஆகிறது.

முடிச்சுப் போட்ட சட்டைகள் காலர் நைந்து ஒவ்வொன்றாகப் போயின. பிறகு வெறும் வெள்ளையாக வாங்க ஆரம்பித்தான். வெள்ளைக்கு யாரையும் கேட்க வேண்டாம்.

இன்றும் வெள்ளையில் போயிருக்கலாம். ஆனால், வெள்ளை பயந்தாங்கொள்ளிகள் போடுவது என்று அவள் எப்போதோ ஒருமுறை சொல்லியிருந்தாள். மற்ற நாளென்றால் பரவாயில்லை. இன்று அந்த மண்டபத்தில் பயந்தாங்கொள்ளியாகப் போய் உட்கார மனம் வரவில்லை.

அக்காவுக்கு வீடியோவில் போன் போட்டான். சட்டையைப் பார்த்துச் சொல் என்றான். அக்கா சட்டையைப் பார்க்கவே இல்லை. அந்தக் கல்யாணத்தில் உனக்கு என்ன வேலை, பேசாமல் போர்த்திக்கொண்டு படு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால், கதவில் பூட்டு தொங்கியது.

மூன்று சட்டைகளையும் ஒரு படம் எடுத்தான். நான்கு வருடமாக ஒரு வார்த்தைகூட அனுப்பாத எண்ணுக்கு அனுப்பினான். கீழே ஒன்றும் எழுதவில்லை. அவளுக்குப் புரியும்.

அனுப்பிய மறுகணமே உடம்பு கூசியது. போயும் போயும் அவளிடமா, அதுவும் இன்றைக்கா. தன்மேலேயே வந்த எரிச்சலில் மூன்று சட்டைகளையும் வாரிச் சுருட்டி நாற்காலியில் எறிந்தான்.

படத்தின் கீழே இருந்த இரண்டு டிக் குறிகளும் நீலமாக மாறின; அவள் பார்த்துவிட்டாள். நீலம் மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

போன் அடித்தது.

"நடுவுல இருக்கறது. கறுப்பு பேன்ட்டோட போடுங்க" என்றாள்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அடுத்த அறையிலிருந்து சொல்வது போலிருந்தது குரல். அவன் சரி என்றான். அத்தோடு வைத்திருக்கலாம். அவனும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.

அவள் பக்கத்தில் வேறொரு பெண் செல்லமாகக் கடிந்துகொண்டாள்.

"கல்யாணப் பொண்ணு இப்ப பேசக்கூடாதும்மா, உதட்டுச் சாயம் கலைஞ்சிடும். மாப்பிள்ளை வந்து இறங்கிட்டாரு, போனை வைங்க."

வைத்துவிட்டாள்.

அவன் நாற்காலியைப் பார்த்தான். சட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. நடுவில் இருந்தது எது என்று தெரியவில்லை. படத்தைத் திறந்து, ஒவ்வொரு சட்டையையும் அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

மறுபடி கேட்கலாம். விரல் அவள் எண்மேல் போய் நின்றது.

போனைக் கவிழ்த்து வைத்தான்.

மூன்றையும் உதறினான். கண்ணாடி முன் நின்று ஒவ்வொன்றாகத் தோள்மேல் வைத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றைத் தானே எடுத்தான். தேய்த்தான். பித்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டான்.

மேடையேறி வாழ்த்துச் சொல்லும்போது தெரிந்துவிடும். சரியான சட்டையாக இருந்தால், மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பாள். வேறொன்றாக இருந்தால், எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவளால் சிரிப்பை அடக்க முடியாது.

வேறொன்றாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டினான்.