வேப்பம்பூக் காலத்துத் தும்மல்

வேப்பம்பூ கொட்டத் தொடங்கிவிட்டால் செவந்தியின் மூக்கு அவள் பேச்சைக் கேட்காது. விடிந்ததிலிருந்து ஓமப் பொட்டலத்தை முகர்ந்து முகர்ந்து பார்த்தாகிவிட்டது. கண் சிவந்து நீர் வழிகிறது. புருஷன் வெள்ளைச்சாமி கொழும்புக்குக் கிளம்புகிறானே, அதற்குத்தான் அழுகிறாள் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அழுதால்கூடப் பரவாயில்லை, தும்மக் கூடாது. கடல் தாண்டிப் போகிறவன் படியிறங்கும்போது வீட்டுக்காரியின் தும்மல் ஆகவே ஆகாது; தும்மும் ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வாசலில் பூட்டிய வண்டி நிற்கிறது. வெயிலோடு காற்று ஒருமுறை வீச, பொடிப்பொடியாகப் பூ மாடுகளின் முதுகிலும் தகரப்பெட்டியின் மேலும் உதிர்கிறது. செவந்தி முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒடுங்குகிறாள். "வண்டி தெருமுக்குத் திரும்புற வரைக்கும் அடக்கிக்கடி," என்று பல்லைக் கடிக்கிறாள் மாமியார் காத்தாயி. வெள்ளைச்சாமி குனிந்து நிலைப்படியைத் தாண்டுகிறான். மூச்சைப் பிடித்ததில் செவந்திக்குக் காது அடைக்கிறது, தொண்டை நரம்பு புடைக்கிறது. அப்படியும் வெடித்துவிடுகிறது தும்மல். மாட்டுக் கழுத்துமணி ஒருதரம் குலுங்கி ஓய்கிறது.

"போச்சு! உள்ள வந்து உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புப்பா," என்கிறாள் காத்தாயி. செவந்தி செம்பை நீட்டுகிறாள். "வேணும்னு தும்மலைங்க." அவன் செம்பை வாங்கிக்கொண்டு உட்கார்கிறான். ரயிலுக்கு நேரமாகிறதென்று வண்டிக்காரன் கூப்பிடக் கூப்பிட, அவளைப் பார்த்தபடியே மடக்கு மடக்காகக் குடிக்கிறான். காலிச் செம்பைத் தரும்போது அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னொரு தும்மல் இருக்கா புள்ள?" என்கிறான்.

மூக்கு மறுபடி குறுகுறுக்கிறது. முந்தானை கையில்தான் இருக்கிறது. கை மேலே எழவில்லை.