பெற்றவளின் கையெழுத்து

பிரான்சில் மறுமணத்தைப் பதிய, கோகிலவாணியிடம் முதல் கணவனின் மரணச் சான்றிதழைக் கேட்டார்கள். யுத்தத்தின் முடிவில் படையினரிடம் சரணடைந்தபின் அவனை யாரும் கண்டதில்லை. விண்ணப்பத்தில் அவனைப் பெற்றவளும் ஒப்பமிட வேண்டும் என்றார் ஊர்ப் பதிவாளர்.

காணாமற்போனோரின் போராட்டப் பந்தலில் மகனின் படத்தோடு தினமும் உட்காரும் மாமி, இரண்டு மாதம் மறுத்தாள். இன்று தானாகவே பதிவாளரின் கந்தோருக்கு வந்து, கழுத்திலிருந்த படத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"எங்க வைக்கோணும்?"

'இறந்துவிட்டார்' என்ற வரிக்குக் கீழே கோகிலவாணி விரலால் காட்டினாள். மாமி நிதானமாகக் கையெழுத்திட்டாள்.

"கோவமே மாமி?"

"இல்லப் பிள்ளை. நீ போய் வாழு."

படத்தை எடுத்துத் துடைத்து, மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"பந்தலுக்கு நேரமாச்சு. அங்க ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."