தாசில்தார் வீட்டுக் குழந்தை

“போன தையில போட்ட குடிசை சார் இது! வாய்க்கால் காவலுக்கு நாங்கதான் இவனை இங்க உக்கார வெச்சோம். வேணும்னா கூரையைப் பாருங்க, கீத்துகூடப் புதுசு!”

பண்ணையின் காரியஸ்தர் ரெங்கசாமி கொஞ்சமும் கூசாமல் சொன்னார். கீற்று புதுசுதான். வருஷா வருஷம் மாற்றினால் புதுசாகத்தானே இருக்கும்?

குடிசைக்காரன் அரசப்பன் தாசில்தாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்து, அதை விசாரிக்க மாயவரத்திலிருந்து தாசில்தாரே ஜீப்பில் வந்தாயிற்று. சட்டம் வருவதற்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறோம் என்று காட்டிவிட்டால் மனை அவனுக்கு. இல்லையென்றால் பெண்டாட்டி பிள்ளையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

அவன் பிறந்து வளர்ந்ததே இந்த வீட்டில்தான். ஆனால் அதைச் சொல்லக் காகிதமும் இல்லை, ஆளும் இல்லை. காலையிலிருந்து தாசில்தார் தெருவில் யாரைக் கேட்டாலும், அவர்கள் ரெங்கசாமியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, “தெரியாதுங்க” என்றே சொன்னார்கள். எல்லாருக்கும் நாளைக்குப் பண்ணையில் வேலை வேண்டுமே!

உள்ளே தூளியில் கிடந்த குழந்தை வீல் என்று கத்தியது. அரசப்பன் மனைவி அம்சம் ஓடிப்போய் ஆட்டினாள்.

தாசில்தார் சின்ன வயதுக்காரர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவள் பின்னாலேயே குனிந்து உள்ளே நுழைந்து, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

“அடடா, இங்கயும் இதே கதைதானா? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கும்மா. ராத்திரி பூரா ஒரே கத்தல். தூங்கவே விடமாட்டேங்குது. நீங்க என்னதான் பண்றீங்க, சொல்லுங்க!”

கூட வந்த குமாஸ்தா திருதிருவென்று விழித்தார். ‘விசாரணைக்கு வந்த இடத்தில் என்ன பேச்சு இது’ என்று நினைத்தாரோ என்னவோ.

அம்சத்துக்குத் தலைகால் புரியவில்லை. தலைப்பிள்ளைக்காரி. இத்தனை மாதமாகத் தெருவே அவளுக்குத்தான் யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அவளிடம் ஒருத்தர் கேட்கிறார், அதுவும் தாசில்தார்!

“பால் குடிச்ச ஒடனே படுக்கப் போடாதீங்க ஐயா. தோள்ல சாச்சு முதுகைத் தட்டணும். ஏப்பம் வந்தப்பறம்தான் தூளி. இல்லன்னா வயித்துல காத்து நின்னு முறுக்கும்.”

“சரி, அப்புறம்?”

அரசப்பன் பல்லைக் கடித்தான். மனையே போகப்போகிறது, இவள் ஏப்பத்துக்குப் பாடம் நடத்துகிறாள்! “ஏ அம்சம், ஐயாவுக்கு வேலை இருக்கு...”

“இருக்கட்டும்ப்பா, வேலை எங்க ஓடிடப்போவுது? நீங்க சொல்லுங்கம்மா.”

“தூளிக்குப் பழைய நூல் சேலைதாங்க நல்லது. நைலக்ஸ் வேணாம், புழுங்கும். நடுவுல குச்சி குடுத்து விரிச்சுவிட்டா துணி மூஞ்சிய மூடாது. தரைக்குக் கிட்டத் தாழக் கட்டணும். தவறி விழுந்தாலும் அடிபடாது.”

வாசலில் ரெங்கசாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எட்டுப் பிள்ளை பெற்றவர். எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பார்?

“என்னத்தத் தாழக் கட்டறது? வீச்சு வேணாமா? சார், இவ நேத்துப் பெத்தவ! இவகிட்டப் போயி கேக்கறீங்களே!”

“அதானே! நீங்க அனுபவஸ்தர்,” என்று தாசில்தார் ஆவலாகத் திரும்பினார். “ஓயாம அழுவற பிள்ளைய என்னதாங்க செய்யறது?”

“அழுவற பிள்ளையா? இந்தா நிக்கறானே அரசப்பன், இவனைவிடவா? யப்பா! இவன் கத்தினா மதகு வரைக்கும் கேக்கும் சார். நடவுக்கு ஆள் கூப்பிட வந்துட்டு இதே வாசல்ல காதைப் பொத்திக்கிட்டு நிப்பேன். கடைசில இவன் அப்பன்கிட்ட நான்தான் சொன்னேன், ‘ஏண்டா, தூளிய ஓரத்துலேருந்து அவுத்து நடு விட்டத்துல கட்டுடா, வாசக்காத்து நேரா வரும்’னு. கட்டினான் பாருங்க, பய அன்னிலேருந்து கப்சிப்!”

“அட! இந்த விட்டமா?”

“இதேதான் சார்! கயிறு அறுத்த தடம்கூட இருக்கு பாருங்க!” வாசலில் நின்றபடியே குனிந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கைத்தடியால் காட்டினார் ரெங்கசாமி. முகமெல்லாம் பெருமை.

தாசில்தார் அண்ணாந்து பார்த்தார். தடவியும் பார்த்தார். பிறகு குமாஸ்தாவிடம் திரும்பினார்.

“எழுதிக்குங்க. அரசப்பன் கைக்குழந்தையா இருந்த காலத்துலேருந்து இதே வீட்டுல குடியிருக்கார். மனை அவருக்குத்தான். சாட்சி, பண்ணைக் காரியஸ்தர் ரெங்கசாமி.”

“சார், சார்! நான் புள்ளைக்கு யோசனைதானே சொன்னேன்!”

“அதுக்குத்தாங்க ரொம்ப நன்றி.”

அரசப்பனுக்கு விஷயம் மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆயிற்று. ஏறியதும் போட்டானே ஒரு கூச்சல்! “மனை நம்மளுதுடி அம்சம்!” என்று குழந்தையைத் தூளியிலிருந்து வாரி எடுத்துக்கொண்டு குதித்தான். தெருவே கூடிவிட்டது. அம்சத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

ஜீப் கிளம்பும்போது அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் ஒரு வசம்புத் துண்டு.

“ஐயா, இதை எடுத்துட்டுப் போங்க! சுட்டு இழைச்சு வயித்துல தடவச் சொல்லுங்க. இன்னிக்கு ராத்திரி உங்க புள்ள நல்லாத் தூங்கும்!”

தாசில்தார் அதை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“பத்திரமா வெச்சிருக்கேம்மா,” என்று சிரித்தார். “ஊர்ல எங்கம்மா இப்பத்தான் எனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சிருக்காங்க.”